போகாதவள் எழுதிய நாடுகள்

என் வீட்டுக்காரருக்குக் காலில் சக்கரம் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதில் முதல் ஆள் நான்தான். "அந்த மனுஷன் கால் என்னிக்குத் தரையில நின்னுது?" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அப்படிப்பட்டவர் திரும்பி வரவேண்டிய தேதி தாண்டி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆளைக் காணோம்.

போன இடம் லேசுப்பட்ட இடம் இல்லை. மலைகளுக்கு நடுவே ஒரு நாடு. வாரத்துக்கு ஒரு ரயில், பனி கொட்டினால் அதுவும் கிடையாது. போன் பேச வேண்டுமென்றால் தபால் நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கே இருக்கும் அம்மாள் சாப்பிடப் போயிருந்தால் வரும்வரை காத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து இரண்டு முறை பேசினார். இரண்டு முறையும் ஒரே பாட்டு. "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்." ஏன் என்று கேட்டால் கர்கர் என்று சத்தம். மற்ற நேரமெல்லாம் நன்றாக இருக்கிற லைன், நான் 'ஏன்' என்று கேட்கும்போது மட்டும் கரகரக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு இன்ஜினியர் வந்தார். அந்த நாட்டில் பாலம் கட்டும் வேலை முடிந்து ஊர் திரும்பியவராம். சின்ன உறை ஒன்றை நீட்டினார். உள்ளே மெமரி கார்டு.

"சார் குடுக்கச் சொன்னாரும்மா."

"உள்ள வாங்க, உக்காருங்க. டீ போடறேன்."

"இல்லம்மா, கீழ வண்டி நிக்குது."

"அவர் எப்படி இருக்கார்?"

"சூப்பரா இருக்கார். கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கார்."

 என் வீட்டுக்காரர் எந்த நாட்டுக்குப் போனாலும் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டுதான் திரும்புவார். பசித்தால் பசிக்கிறது என்று தெரியாத மனுஷன். அவர் சதை போட்டிருக்கிறார் என்றால் யாரோ உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள் என்று அர்த்தம். "வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன். "படத்தைப் பாத்தா அவளுக்கே புரியும்னு சொன்னாரும்மா" என்றார் இன்ஜினியர். சொல்லிவிட்டு நிம்மதியாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

எங்கள் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று புரியாது. இவர் புகைப்படம் எடுப்பவர். யாரும் போகாத நாடாகப் பார்த்துப் போய் எடுப்பார். ஒரே ஒரு ஓடுபாதை உள்ள தீவு, விமானம் வராத நாளில் அதன்மேல் துணி காயப்போட்டிருப்பார்கள். மூன்று சிக்னல் விளக்கு இருக்கிற ஒரு தலைநகரம், மூன்றும் எரியாது, ஒரே போலீஸ்காரர் மூன்றுக்கும் நடந்து நடந்து போய்க் கை காட்டிவிட்டு வருவார். ஏரி வற்றிப்போய்ப் படகெல்லாம் மணலில் நிற்கும் ஊர். இதையெல்லாம் நான் வேலை பார்க்கும் பதிப்பகத்தின் முதலாளி புத்தகமாகப் போடுவார். இதுவரை ஐந்து வந்தாயிற்று, ஆறாவதுக்குத்தான் இந்த மலை நாடு.

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் பயணியின் மனப்பதிவு என்று ஒரு பத்தி இருக்கும். "ஓடுபாதையின் தார் இளகிச் செருப்பைப் பிடித்துக்கொண்டது. உப்புக் காற்றில் என் சட்டை முறுகிப்போனது." இந்த மாதிரி. படிக்கிறவர்கள் உருகிப்போவார்கள். கூடவே நடந்துபோன மாதிரி இருந்தது, சட்டையில் உப்பைத் தட்டிப் பார்த்தேன் என்றெல்லாம் எழுதுவார்கள். புகழெல்லாம் இவருக்கு. அந்தப் பத்திகளை எழுதுவது நான். எனக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது.

இவரை எழுதவிட்டால் தெரியும் லட்சணம். ஒரு நாட்டையே மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார். "மீன் சந்தை. குளிர். நாய்." இதைவைத்து நான் என்ன செய்வது? அதனால் வந்து பையை இறக்கியதும் சமையலறை மேஜையில் உட்காரவைத்துக் கேள்விகேட்க ஆரம்பித்துவிடுவேன். என்ன வாசனை? நாய் குரைத்ததா, படுத்திருந்ததா? காலுக்குக் கீழே என்ன, கல்லா சேறா? ஐஸ் உருகி எந்தப் பக்கம் ஓடியது? இவர் கண்ணை மூடி மூடி யோசித்துச் சொல்லுவார். சில சமயம் சண்டை வரும். "அங்க காத்து அப்படி அடிக்கல" என்பார். "எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க" என்பேன். நான் போகாத ஊரின் காற்றைப் பற்றி!

மகள் பிறந்தபோது ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும் என்று பேசி முடிவுசெய்தோம். நான் இருந்தேன். இப்போது அவள் வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அதன் பிறகும் நான் கிளம்பவில்லை. ஆபீஸில் வேலை அதிகம், மாடிக் குழாய் ஒழுகுகிறது, பல் பிடுங்க வேண்டும். காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் அடுத்த நாடு எது என்று தேடுவது நான்தான். எந்த மாதம் மழை, எந்தப் பக்கம் எல்லை திறந்திருக்கும், விசாவுக்கு யாரைப் பிடிக்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. சுவரில் ஒரு வரைபடம் மாட்டிப் போன இடத்தில் நீலம், போகவேண்டிய இடத்தில் சிவப்பு என்று ஊசி குத்தி வைத்திருக்கிறேன். இவர் முந்தைய பயணத்தின் சேற்றை ஷூவிலிருந்து கழுவுவதற்குள் சிவப்பு ஊசி குத்திவிடுவேன். அவ்வளவு சுறுசுறுப்பு.

இவருடைய தொழிலில் ஒரு கொள்கை உண்டு. ஒரு இடத்தை இரண்டாம் முறை எடுக்கமாட்டார். "ஒரு தடவ பாத்தாதான் பார்வை. மறுபடி பாத்தா பழக்கம்" என்று பெரிய ஞானி மாதிரி சொல்லுவார். அதே சுவர், அதே மரம், அதே முகம் கிடையவே கிடையாது. எடுத்தார், நகர்ந்தார், அவ்வளவுதான். இதை நான் முன்னுரையில் ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதிப் பெயர் வாங்கியிருக்கிறேன், அவர் பெயரில்.

அந்தக் கார்டைத் திறந்தேன். முதலில் எல்லாம் வழக்கம்போலத்தான். ரயில் நிலையம், பெட்டி மேல் தூங்கும் ஆள், பனி மூடிய சந்தை, தொப்பி விற்கும் பெண்கள், ஆட்டை முதுகில் தூக்கிக்கொண்டு பாலம் கடக்கும் ஒருத்தன். நல்ல படங்கள். பேனாவை எடுத்து எழுதக்கூட ஆரம்பித்துவிட்டேன். பிறகு ஒரு ஜன்னல் வந்தது. பச்சை வண்ணச் சட்டம், கீறல் விட்ட கண்ணாடியில் ஒட்டுத்தாள். வெளியே பனி. சரி என்று அடுத்ததைத் தட்டினேன். அதே ஜன்னல். அடுத்தது, அதே ஜன்னல். தட்டத் தட்ட அதே ஜன்னல்!

பனி கொட்டுகிறது, பனி நின்றிருக்கிறது, பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டுகிறது, எதிர்மரத்தில் துளிர் விட்டிருக்கிறது. எல்லாம் அந்த ஒரே பச்சைச் சட்டத்துக்குள். ஜன்னலடியில் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் இரண்டு கப். மறுநாளும் இரண்டு கப். கதவோரத்தில் ஒரு ஜோடி செருப்பு, பூவேலை செய்த பெண்கள் செருப்பு. கீழே ரொட்டிக் கடை போலிருக்கிறது, தட்டு தட்டாக ரொட்டி. முழங்கை வரை மாவு அப்பியிருக்கும் ஒரு பெண்ணின் கை. கையில் மோதிரம்.

 எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து பார்த்தேன். மறுபடி எழுந்து போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தேன், மூடினேன். உலகத்தில் எந்த இடத்திலும் காலூன்றாத மனுஷன் ஒரு ஜன்னலுக்கு முன்னால் பனி விழுந்து உருகித் துளிர் விடும்வரை உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருடம் நான் எதை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்? அவருக்கு வீடு தங்காதது என்னால் இல்லை, அவரால் எங்கேயுமே தங்க முடியாது என்றுதானே! இப்போது பார்த்தால் தங்க முடிகிறது. இங்கேதான் முடியவில்லை.

பாழாய்ப்போன பழக்கம், மனசு பாட்டுக்குப் பத்தி எழுத ஆரம்பித்துவிட்டது. 'காலையில் அவள் முதலில் எழுந்திருப்பாள். அடுப்பு சூடேறும் சத்தத்தில் நான் விழிப்பேன். மாவு படிந்த கையோடு மாடியேறி வந்து இரண்டாவது கப்பை எதிரில் வைப்பாள்.' ஒரு படத்தைக் காட்டினால் எனக்கு இப்படித்தான் வரும். இத்தனை வருடமாக இதைச் செய்து பழகியவளுக்கு அன்றைக்கு மட்டும் வராமல் இருக்குமா?

கீழ்வீட்டில் என் நாத்தனார் இருக்கிறார், இவருடைய அக்கா. நான் மேலே நடக்கிற நடையில் அவர் வீட்டு மின்விசிறி ஆடியிருக்க வேண்டும். மேலே வந்துவிட்டார்.

"என்னடி, மாடியில குதிரை கட்டி வெச்சிருக்கியா? டக்கு டக்குன்னு!"

காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். செருப்புப் படத்தில் நின்றார்.

"இது பொம்பளச் செருப்பு."

"தெரியுது அக்கா."

"என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஆம்பளதானே" என்றும் சொன்னார். தேறுதல் சொல்ல வந்தவர் எண்ணெயை ஊற்றிவிட்டு, நான் எதாவது சாப்பிட்டேனா என்று விசாரித்து, என் பதிலுக்குக் காத்திராமல் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அழக்கூடாது என்று இருந்தேன், குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அம்மா, ரெண்டு கப்பை வெச்சு ஒரு கல்யாணத்தையே நடத்திட்டியே!"

"சிரிக்காதேடி. எனக்குப் பத்திக்கிட்டு எரியுது."

"அப்பா உன்கிட்ட எதாவது மறைப்பாரா? அவருக்குப் பேசவே வராது, மறைக்க எங்க வரும்? அது சரி, ஏதோ பேப்பர் சத்தம் கேக்குதே. என்ன பண்ணிட்டிருக்க?"

"மேப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்பா இருக்கற இடத்தையா?"

"இல்ல... அடுத்ததுக்கு ஒரு இடம்..." என்று சொல்லிவிட்டேன். என் கையில் சிவப்பு ஊசி. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.  மகள், "சாப்பிட்டுத் தூங்கும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். எங்கள் ஆபீஸ் ஒரு இரும்புக் கடைக்கு மேல் இருக்கிறது. கீழே கம்பி இறக்கினால் மேலே மேஜை அதிரும். ஒரு பக்கம் மூட்டை மூட்டையாகப் பழைய புத்தகம், இன்னொரு பக்கம் என் கம்ப்யூட்டர், நடுவில் முதலாளி. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. காலை வணக்கத்தைக்கூட அவசரமாகத்தான் சொல்லுவார்.

"படம் வந்துடுச்சாமே! அட்டைக்கு எது? அச்சகத்துல கேட்டுக்கிட்டே இருக்கான். அவசரம்மா."

"வந்துது சார். பாதிக்கு மேல ஒரே ஜன்னல்."

"ஜன்னலா? எந்த ஜன்னல்?" படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "என்ன இது, இந்த ஆளுக்கு என்ன ஆச்சு? எங்கயும் போகலியா? யாரும் போகாத நாட்டுக்கு அனுப்பினா ரூமை விட்டு வெளிய வராம உக்காந்திருக்கார்! ஜனங்க ஜன்னல் பாக்கறதுக்கா புத்தகம் வாங்கறாங்க?" பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "நீங்க எதாவது எழுதிச் சரி பண்ணிடுங்க. நீங்க எழுதினா ஜன்னல்கூட நாடாயிடும்."

எழுதினேன். வேறு என்ன செய்வது? சந்தைக்கு எழுதினேன், பாலத்துக்கு எழுதினேன். ஜன்னல் வந்ததும் கை நின்றுபோகும். எழுந்து போய் ஜன்னல் வழியாக, எங்கள் ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான், இரும்புக் கடையைப் பார்ப்பேன். திரும்ப உட்காருவேன். பக்கத்து மேஜையில் பிழை திருத்துகிற பெண், "அக்கா, நீங்க உக்காந்து எழுந்திரிக்கறதை எண்ணினா நமக்கு உடற்பயிற்சியே வேணாம்" என்றாள். சிரிக்கத்தான் முடியவில்லை. அவர் வரமாட்டார், ஒருநாள் அந்தத் தபால் நிலையத்திலிருந்து கூப்பிட்டு அதைச் சொல்லப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. போன் அடித்தால் எடுக்கப் பயந்தேன். அடிக்காவிட்டால் அதைவிடப் பயந்தேன்.

அவர் போனில் எதையும் சொல்லவில்லை. நேரில் வந்து நின்றார். அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது.

"யாரு? என்ன வேணும்?"

"நான்தான்" என்றார்.

நிஜமாகவே சதை போட்டிருந்தார். கன்னம் பளபளவென்று இருந்தது. பதினைந்து கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு லேட்டாக வந்த பையன் மாதிரி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கையிலிருந்த ஈரத் துணியால் நாலு சாத்து சாத்தவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் ஸ்டூல் மேலேயே நின்றேன்.

"யாரு அவ?"

"யாரு எவ?"

"ரொட்டிக்காரி!"

பையை இறக்கிவைத்தார். "அந்தம்மாவா? கீழ கடை வெச்சிருக்காங்க. புருஷன் அடுப்பு பாக்கறான், அவ மாவு பிசையறா. மாடி ரூமை எனக்கு வாடகைக்கு விட்டாங்க. ஏன்?"

"அந்தப் பூப்போட்ட செருப்பு?"

"என்னுது."

"என்னது, உங்களுதா?"

"தரை அப்படிச் சில்லிடும். அந்த ஊர்க் கடையில என் அளவுக்கு இருந்தது அது ஒண்ணுதான். பூ இருந்தா என்ன, கால் சூடா இருந்துது."

"தினமும் ரெண்டு கப் வெச்சிருந்தீங்களே, அது?"

"ஒண்ணுல டீ" என்றார். "ஒண்ணுல தண்ணி."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கினேன். இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் ஒருத்தியும் இல்லை. ஒருத்தியும் இல்லாமலா அங்கேயே கிடந்தார்? அது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

"அப்ப எதுக்குங்க அங்க உக்காந்திருந்தீங்க? வீடு ஞாபகம் வரலியா? நான் ஒருத்தி இருக்கேன்னு ஞாபகம் வரலியா?"

அவர் சமையலறை மேஜைக்குப் போய், நான் எப்போதும் அவரை உட்காரவைத்துக் கேள்விகேட்கும் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"பயமா இருந்துச்சு" என்றார்.

"என்ன பயம்?"

"உன்கிட்ட வர்றதுக்கு." மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மலைப்பாதையில ஜீப்பு சறுக்கிச்சு. பெருசா ஒண்ணும் ஆகல. ஆனா இறங்கினதும் எனக்கு நிக்க முடியல. அங்கயே ரோட்டோரமா உக்காந்துட்டேன். அப்ப முடிவு பண்ணேன், இதோட போதும்னு. எனக்கு எப்பவுமே பயம்தான்.  பாஷை தெரியாத ஊர்ல ராத்திரி கதவைத் தட்டினா நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுப் படுப்பேன். ஓடுபாதைத் தீவுல விமானம் வராமப் போனப்ப அழுதிருக்கேன்."

"எத்தன வருஷமா?"

"முதல் பயணத்துலேருந்து. பதினாறு வருஷமா."

அந்தத் தீவுக்கு நான் எழுதியது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. 'விமானம் வரவில்லை. அதனால் என்ன? எனக்குப் போகவேண்டிய இடம் ஒன்றும் இல்லை.' அந்த வரியைப் படித்துவிட்டு எத்தனை பேர் பாராட்டினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்ப ஏன் போனீங்க? யாரு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா?"

"யாரும் தள்ளல. வந்து உக்காந்ததும் நீ கேப்ப, என்ன வாசனை, என்ன சத்தம், காலுக்குக் கீழ என்னன்னு. அப்ப உன் கண்ணைப் பாக்கணும்! அப்புறம் அடுத்தது எங்கன்னு கேப்ப. வேணாம்னு எப்படிச் சொல்ல? உனக்கு ஊர் ஊராப் போகணும், குழந்தை இருந்ததால முடியல, சரி, நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லலாம்னு ஆரம்பிச்சது." ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "நான் போகறதாலதான் உனக்கு என்னைப் பிடிக்குதுன்னு நெனச்சேன். இனிமே போகலன்னா என்கிட்ட என்ன இருக்கு? ஒரு கேமரா, ஒரு தொப்பை. அதைச் சொல்ல வாய் வரல. அடுத்த ரயில்ல போய்ச் சொல்லிடலாம், அடுத்த ரயில்ல சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன். ஜன்னலையே எடுத்து எடுத்து அனுப்பினேன். பாத்தா உனக்கே புரியும்னு நெனச்சேன்."

"நாசமாப் போச்சு! எனக்கு என்ன புரிஞ்சுது தெரியுமா?"

"அதான் ஸ்டூல் மேலேருந்து கேட்டியே."

அட பாவி மனுஷா! நான் இங்கே இவர் என்னை விட்டுவிட்டார் என்று கூண்டுக்குள் நடக்கிற மாதிரி நடந்திருக்கிறேன். இவர் அங்கே நான் இவரை விட்டுவிடுவேன் என்று பூப்போட்ட செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. கோபமும் வந்தது. யார்மேல் என்று பார்த்தால் இவர்மேல் இல்லை. வீடு தங்காத கால் என்று பதினாறு வருடமாக ஊரெல்லாம் நான் ஏசிய கால் யாருடையது? இவர் காலா அது? பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு நாற்காலியில் உட்காரத் தெரியாதவள் யார் இந்த வீட்டில்?

"நீங்க எங்கயும் போக வேணாம்" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன். "இங்கயே இருங்க. தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதீங்க. எனக்கு நீங்கதான் வேணும், நாடு வேணாம்."

"உனக்கு நாடும் வேணும்" என்றார். ரொம்ப நிதானமாகச் சொன்னார். "அது தப்பில்ல. நீ போ."

"நானா?"

"நீதான்."

"எனக்கு விமானத்துல ஏறவே தெரியாது. பாஷை தெரியாது. வழி தெரியாது. எனக்குப் பயமா இருக்குங்க." அந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாடிக் குழாய், பல், ஆபீஸ் என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. "ரொம்பப் பயமா இருக்கு. அதான் போகல."

"தெரியும்" என்றார். "பயந்துகிட்டேயும் போலாம். நான் போனேனே."

 எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். அவர் பின்னாலேயே எழுந்து வந்து பையைத் திறந்து கேமராவை வெளியே எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"பாஸ்போர்ட்டுக்குப் படம் வேணும். அங்க போய் நில்லு. சுவத்துக்கு முன்னாடி."

"இப்பவா? அழுது மூஞ்சி வீங்கியிருக்கு. தலைகூட வாரல."

"வாரிட்டு வா."

வாரிக்கொண்டு வந்து நின்றேன். வெள்ளைச் சுவர். சிரிக்கக்கூடாது, நேராகப் பார்க்கணும், காது தெரியணும் என்றார். எத்தனையோ நாட்டு ஜனங்களை எடுத்த கேமரா, என்னை நிற்கவைத்து எடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக அதற்குப் பின்னால் நின்று கேள்வி கேட்டே பழகிவிட்டேன். முன்னால் நின்றால் எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒன்று எடுத்தார். பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். இன்னொன்று எடுத்தார். மறுபடியும்.

"என்னங்க?"

"அசையறே. மூஞ்சி கலங்கி விழுது. கொஞ்சம் ஆடாம நில்லு."

"நிக்கத்தான் பாக்கறேன். முடியல."

கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். கிட்டே வந்து என் தோளைத் தொட்டார். தோள் நடுங்கிக்கொண்டிருந்தது, எனக்கே கேட்கும் அளவுக்கு வளையல் சத்தம்.

"சரி, பயம் போனப்புறம் எடுத்துக்கலாமா?" என்றார்.

"அது போகாது" என்றேன். "எடுங்க."